ஏழாம் நம்பர் மலையில் நான் சொல்லாமல் விட்டது

மரத்தில் குளவிக் கூடு இருந்தது எனக்கு முன்பே தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பூண்டுலோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். எங்கள் சிறிய சபையில் கூட்டிப் பெருக்கிப் பாய் விரிப்பது என் ஊழியம். சாட்சி சொல்லும் நேரம் வந்தால் கடைசிப் பாயில் தலையைக் குனிந்துகொள்வேன். என்னோடு கொழுந்து பறிக்கும், சபையில் பாட்டு நடத்தும் கிரேஸ் அக்காதான் எனக்காகவும் சத்தமாக ஜெபிப்பார்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, விறகு பொறுக்கப் போன இடத்தில் அந்தக் கூட்டைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் மலையின் மேல் ஓரம். மறுநாள் எங்களுக்கு அங்கேதான் வேலை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்ல நினைத்தேன். முன்பு ஒருத்தி இப்படிச் சொன்னபோது, "வேலை செய்ய மனசில்லன்னா லயத்து வீட்டுலயே படுத்துக்கங்க, குளவி மேல பழி போடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் தேயிலைச் செடிகளின் மேல் நிரை எனக்கு விழுந்தது. நான் மெதுவாக நகர்ந்து கீழ் நிரைக்குப் போய்விட்டேன்.

"என்னடி, சர்ச்சுலயும் கடைசிப் பாய், மலையிலயும் கடைசி நிரையா?" என்று சிரித்தபடி கிரேஸ் அக்கா நான் விட்ட மேல் நிரைக்கு ஏறினார்.

பத்து மணி இருக்கும். குளவி கலைந்தது. நாங்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக் குப்புறப் படுத்தோம். அக்கா மரத்தடியில் தனியாக இருந்தார்.

உடம்பெல்லாம் கொட்டு வாங்கிய அக்காவைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷம் சிறுநீரகத்தைப் பாதித்துவிட்டது என்றார்கள். அக்காவுக்கு நினைவு திரும்பவில்லை. சபை உபவாசமிருந்து ஜெபித்தது. அவர்களோடு உட்கார என்னால் முடியவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், சுருட்டி வைத்த பாய்களுக்குப் பக்கத்தில் அழுதேன். "ஆண்டவரே, அக்காவைத் தாங்க. உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் குடுங்க."

வெள்ளிக்கிழமை அக்கா கண் திறந்தார். மதியம் உள்ளே விட்டார்கள். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சுமாடி?"

"ஆமாக்கா. மன்னிச்சிருங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போகவும் முடியாமல் நின்றேன். பிறகு, "தண்ணி குடு" என்றார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிட்டேன். ஆனா எங்கிட்ட சொன்னா போதாது. பெரட்டுல சொல்லு. இனிமே எங்க கூடு பார்த்தாலும் சொல்லு. சிரிச்சா சிரிக்கட்டும்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், எல்லோர் முன்பும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாலையில் அக்காவிடம் போய், "சொல்லிட்டேன்க்கா" என்றேன். தலையை அசைத்தார். ஞாயிறு ஆராதனை முடியுமுன் கர்த்தரிடம் போய்விட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் கேட்ட இரண்டில் கர்த்தர் ஒன்றைத்தான் தந்தார். ஏன் என்று எனக்குத் தெரியாது. தந்ததை வைத்துக்கொண்டு நடக்கிறேன். இப்போது பெரட்டில் கங்காணியே, "மேல ஏதும் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்கிறார். பார்த்திருந்தால் சொல்கிறேன். இரண்டு முறை ஆள் வைத்துக் கூட்டை அகற்றினார்கள். அந்த நாட்களில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஸ்தோத்திரம்.

ஞாயிறுகளில் பாய் விரித்துவிட்டு, முன்னால் அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்து உள்ளே வைத்திருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், ஆண்டவரிடம் வாயைக் கேளுங்கள். எனக்கே தந்தவர் உங்களுக்கும் தருவார். திங்கட்கிழமையே கேளுங்கள். நான் வெள்ளிக்கிழமை வரை இருந்துவிட்டேன்.