ஐம்பத்தெட்டுக் கிலோ மணல்

மீன் வாடித் தராசில்தான் என் மனைவியை நிறுத்தேன். வேண்டுமென்று செய்த வேலை அல்ல. மறுநாள் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தாள். பெட்டி முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். தலைமன்னாரில் எங்கள் தெருமுனையில் மீன் வாங்கும் வாடி இருக்கிறது. அங்கே பெட்டியை நிறுத்து இறக்கியதும், அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு.

"இந்தத் தராசு குறைச்சுத்தான் காட்டும். கடலுக்குப் போறவையைக் கேட்டுப் பாருங்கோ," என்றாள். வாடிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈரத் தட்டு வழுக்க, அவளும் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தச் சிரிப்போடு அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

விமான நிலையத்துக்கு வாடகை வான் வண்டியில் போனோம். பன்னிரண்டு பேர், மடியில் மூட்டைகள். அவளுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. மதவாச்சி தாண்டியதும் தொடங்கிய சத்தி, ஒரே வாந்தி, கட்டுநாயக்கா வரைக்கும் நிற்கவில்லை. வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "திரும்பி வரேக்க இந்த வானில என்னை ஏத்தாதேங்கோ. வீட்டில கிடக்கிற காரை ஒழுங்காக் கட்டி, அதில வாங்கோ."

வீட்டில் கிடந்தது ஒரு பழைய ஜப்பான் கார். பின் சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் மன்னார் டவுனில் ட்ரக்டரும் வானும் திருத்துகிறவன். வயிற்றுக்கு அது, ஆசைக்கு வேகம். எஞ்சினைப் பிரித்து, கூட்டி, இன்னும் கொஞ்சம் பலம் எடுப்பது பற்றி ஃபோனில் எவ்வளவு பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவள் கேட்டது சத்தி வராத ஒரு கார். எனக்குக் கேட்டது, மதவாச்சி றோட்டில் லொறிகளை ஒரே மிதியில் முந்துகிற கார். அவளை எவ்வளவு சீக்கிரம் வீடு சேர்க்கிறேனோ அவ்வளவுக்கு அவள் போனதை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று ஒரு முட்டாள் எண்ணம். இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை அளவுக்கு மேல் சீவச் சொன்னேன். ஹெட் தணிந்தால் பெற்றோலும் காற்றும் இன்னும் இறுக நசுங்கும், பலம் கூடும். சூடும் கூடும். முசலியில் லேத் வைத்திருக்கும் என் கூட்டாளி, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவேன், வேலை எடுக்கும்போதே கேட்டார்.

"மச்சான், இது மன்னார் வெயில். இவ்வளவு சீவினா ஹெட் கெஸ்கட் நிக்குமா?"

"நிக்கும்," என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்.

எட்டாம் நாள், எங்கள் மன்னார்த் தீவையும் பெரிய நிலத்தையும் இணைக்கிற தாம்போதியின் நடுவில், ஹெட்டின் அடியை அடைத்து நிற்கிற கெஸ்கட் போனது. வெள்ளைப் புகை காரை மூடிவிட்டது. வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "அண்ணை, நுளம்புக்கோ புகை போடுறீங்கள்?" என்று கேட்டார். கொசுவுக்குப் புகை போடுகிற ஆள் மாதிரித்தான் நானும் நின்றேன். ஒரு ட்ரக்டர் கட்டி இழுத்துவந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஃபோன் எடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் எடுக்கலாம், முகம் காட்டிப் பேசுவது அந்த வீட்டு அம்மாவுக்குப் பிடிக்காதாம்.

"கார் ஓடுதோ?"

"ஓடுது. அந்த மாதிரி ஓடுது. நீ சுகமோ?"

"ஓம், நல்ல சுகம். நல்ல சாப்பாடு."

இரண்டாவது தடவை வாயைக் குறைத்துக்கொண்டு கட்டினேன். தேடி எடுத்த வேறொரு ஹெட்டை நேராவதற்கு மட்டும் சீவினோம். ஒரு வானின் பெரிய ரேடியேற்றரைக் காரின் மூக்குக்குள் இறக்க ஒரு கிழமை போனது. வால்வுகளை நானே கையால் அரைத்துப் பொருத்தினேன். ஒவ்வொரு போல்ட்டையும் அளவோடு இறுக்கி, அடுத்த நாள் திரும்பவும் பார்த்தேன். நானாட்டான் குளக்கட்டு றோட்டில் மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் ஓட்டியும் சூட்டு முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. நினைத்த வேகம் இல்லை. ஆனால் எத்தனை மணிக்குக் கார்த் திறப்பைத் திருப்பினாலும் எஞ்சின் முதல் திருப்பில் பிடித்தது. விமான நிலையத்தில் ஒருத்தி காத்துக்கொண்டு நிற்கும்போது அதுதான் பெரிய பலம் என்று எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

பிறகு ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும். இளவட்டங்கள் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதிப்பார்கள், பார்க்க வடிவாக இருக்கும், உள்ளே இருப்பவரின் குடல் வாய்க்கு வரும். ஸ்பிரிங்கை மெத்தென்று விட்டாலோ கார் வள்ளம் மாதிரி ஆடும். அவளுக்கு இரண்டும் ஆகாது. மூன்று சோடி மாற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் மட்டும் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளிக்கொண்டே இருந்தது. நானா அந்தப் பக்கச் சீற்றில் ஏறி ஒரு சுற்று வந்தார். அவர் இருக்கும்போது துள்ளவில்லை.

"வெறும் சீற்றுக்கோ ஸ்பிரிங் வைக்கிறீங்க? இருக்கப் போற ஆளிட நிறைக்கு வையுங்க," என்றார்.

இருக்கப் போகிற ஆளின் நிறை எனக்குத் தெரியும். மணலைக் கழுவி உப்பை எடுத்து, தகரத்தில் காயவைத்து, இரண்டு இரண்டு கிலோவாகச் சீனிப் பைகளில் கட்டினேன். இருபத்தொன்பது பை. அதே வாடித் தராசில்தான் நிறுத்தேன். தராசு பொய் சொன்னாலும் அவளுக்கும் மணலுக்கும் ஒரே பொய்தானே. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு அவளுடைய சீற்றில் இருத்தி, அந்தப் பக்க முன் சில்லின் நடுவிலிருந்து சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட் விளிம்புவரை உயரத்தை அளந்து, அந்த அளவைக் கராஜ் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். ஸ்பிரிங்கை அந்த நிறைக்கு வைத்ததும் துள்ளல் போய்விட்டது.

வேலை முடிந்த பிறகும் சாக்கை இறக்கவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம் மூன்றாகி, நாலாகியது. "இன்னும் ஒரு வருசம், வீட்டுக் கூரை முடியட்டும்," என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய இறங்குதுறைப் பக்கம் காரைக் கொண்டுபோய் நிறுத்துவேன். வளைவில் சாக்கு என் பக்கம் சரியும். கையால் தள்ளி நிமிர்த்துவேன். ஒருநாள் அதற்கு பெல்ற்றும் போட்டுவிட்டேன். நானா பார்த்துவிட்டு, "மச்சானுக்கு நல்ல வீட்டுக்காரி, ஏச்சுப் பேச்சில்ல," என்றார். நானும் சிரித்தேன். ஆனால் ஏச்சுக்குத்தான் ஏங்கினேன். 'மெல்லப் போங்கோ' என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்பதற்காக, வேண்டுமென்றே வளைவில் வேகமாகத் திருப்பிய நாட்கள் உண்டு.

ஐந்தாம் வருடத் தொடக்கத்தில், ஒரு காலை விமானத்தில் வந்தாள். கறுப்பு அங்கி, தலையில் சீலை. முகம் வற்றியிருந்தது. "பிளேனில நித்திரை இல்லை," என்றாள். நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி. சாக்கை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவள் சீற்றில் அமர்ந்து, சாக்குக்கு நான் போட்டுவிடுகிற பெல்ற்றைத் தானே போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் அவளுக்குச் சத்தி வரவில்லை. புத்தளத்தில் தேத்தண்ணி குடித்தோம். லொறிகளை முந்தக் கேட்டிருந்தால் எஞ்சின் கொடுத்திருக்கும். நான்தான் கேட்காமல் விட்டேன். மடு றோட்டைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு நித்திரையாகிவிட்டாள். பெருமையில் எனக்கு வாய் மூடவில்லை. ஆனால் பழகிய ஒன்று திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இடப்பக்கம் துள்ளியது.

வீட்டு வாசலில் பூவரசு நிழலில் நிறுத்தினேன். அவள் எழும்பவில்லை. எழுப்ப மனமில்லாமல், எல்லாக் கதவையும் திறந்து காற்று விட்டேன். பெட்டியை இறக்கி வைத்தேன். நெடுந்தூரம் ஓடினால் ஸ்பிரிங் தணிந்திருக்கும் என்று நினைத்து, அடிமட்டக் கோலை எடுத்து இடப்பக்க முன் சில்லை அளந்தேன். தணியவில்லை. கராஜ் கதவில் எழுதியிருந்ததைவிட மூன்று மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது. ஸ்பிரிங் பழசானால் தணியும், உயராது. பெற்றோல் குறைந்திருந்தது, ஆனால் டாங்க் பின்னால், அது முன்பக்கத்தை உயர்த்தாது. நிலம் சரியில்லையோ என்று இரண்டு தரம், மூன்று தரம் அளந்தேன். வேறு காரணம் எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தவித்தேன்.

போய்ச் சாக்கை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அவளுடைய காலடியில் ஒரு பை வைத்தேன். அளந்தேன். இன்னொரு பை. அளந்தேன். ஏழாவது பையில் மட்காட் பழைய அளவுக்கு வந்து நின்றது. பதினாலு கிலோ. நான் நிலத்தில் குந்தியபடி இருந்தேன். கண்ணீர் மறைத்து எண்ணே தெரியவில்லை.

"என்ன செய்யிறீங்கள்?"

விழித்திருந்தாள். காலடியில் பைகளையும் என் கையில் அடிமட்டத்தையும் பார்த்தாள். அந்த மணலைப் பற்றி வெள்ளிக்கிழமைகளில் நான்தான் சொல்லியிருக்கிறேனே. விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரம் எடுக்கவில்லை.

"எத்தினை பை?"

"ஏழு."

குனிந்து ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எட்டா இருக்கும். செருப்பும் போட்டிருக்கிறன்."

அந்த வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மிச்சச் சோறு ஒரு வேளை. காய்ச்சலோடு துடைத்த மாடிப்படிகள். வெள்ளிக்கிழமை ஃபோனுக்கு முன் குரல் தெளியக் குடிக்கிற தண்ணீர். நான் தாம்போதியில் கெஸ்கட் போனதைச் சொன்னேன். என்னிடம் வேறு பொய் இல்லை. அதைக் கேட்டுச் சிரித்தாள், மெதுவாக, வாயை மூடிக்கொண்டு.

இது நடந்து இரண்டு வருடம். மாதத்துக்கு ஒரு தரம் வாடித் தராசில் ஏறுகிறாள். இரண்டு கிலோ கூடினால் காலடியிலிருந்து ஒரு பையை எடுப்பேன். ஐந்து பை எடுத்தாயிற்று. முள் அதோடு நின்றுவிட்டது. இது போதும், நல்ல நிறைதான் என்று டாக்டர் சொல்கிறார். தராசில் ஏறும்போது அவள் அன்றைப்போல் பகிடி விட்டுச் சிரிப்பதில்லை. என் பக்கத்திலேயே இருக்கிறாள், ஆனாலும் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவளை நினைத்து ஏங்குகிறேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

போன ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது, ஸ்பிரிங்கை இப்போதைய நிறைக்கே மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்து, மிச்ச இரண்டு பையையும் எடுக்கக் குனிந்தேன். அவள் காலை அவற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"கிடக்கட்டும். அதுவும் நான்தானே."

கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து ஏறினேன். திறப்பைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.