ஆறு மணிக்கு வீடு திரும்பியவர்

சோப்புக் கம்பெனியில் எல்லாரும் அவரைச் 'சைலன்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சைலன்சர் கழன்ற லாரி மாதிரி உரக்கப் பேசுவதால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குப் போக மூன்று நாள், திரும்பி வர மூன்று நாள். நடுவில் ஒரு நாள் வீடு. அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும்.

மகள் பிறந்த சேதி வந்தபோது அவர் துறைமுக வாசலில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு முதல் பல் விழுந்தது, சைக்கிளில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது எல்லாம் போனில்தான் வந்தன. பள்ளி நாடகத்தில் மரமாக நடித்ததும் அப்படித்தான்.

"மரத்துக்கு என்னம்மா வசனம்?"

"மரம் பேசாதுப்பா. சும்மா நிக்கணும்."

"அதையாவது நான் வந்து பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பிறகு ஒரு வருடம், வெளிநாட்டில் சோப்பு வாங்குகிறவர்கள் புதிதாக ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு பெட்டி சோப்பு எங்களிடம் வந்து சேர்வதற்குள் எவ்வளவு கரிப்புகையைக் காற்றில் விடுகிறீர்கள்? கம்பெனி கணக்கெடுத்தது. ஆலைக் கொதிகலனுக்கு அடுத்தபடியாக அதிகம் புகை விட்டவை லாரிகள்தான். சரக்கை ரயிலில் அனுப்புவது என்று முடிவாகி, லாரிகள் விற்கப்பட்டன. ஊர்க் கடைகளுக்குச் சரக்குப் போட பேட்டரி வேன்கள் வந்தன. அதில் ஒன்று அவருக்குக் கிடைத்தது.

இனி தினமும் மாலை ஆறு மணிக்கு வீடு. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்புதான் மகள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள்.

முதல் வாரம் கூடத்தின் நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"விருந்தாளி மாதிரி நிக்காதீங்க, உக்காருங்க" என்றாள் மனைவி.

அவர் மகளின் அறைக்குப் போய், அவளுடைய ஏழாம் வகுப்பு அறிவியல் நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அதன் பிறகு தினமும் ஏதாவது ஒரு நோட்டு.

வருடக் கடைசியில் கம்பெனி, சுற்றுச்சூழலுக்காகச் செய்ததையெல்லாம் சொல்லி ஒரு புத்தகம் போட்டது. அதற்குப் பொறுப்பான பெண் அதிகாரி அவரிடம் வந்தார்.

"இப்ப தினமும் வீட்டுக்குப் போறீங்க. எப்படிண்ணே இருக்கு? ரெண்டு வரி சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு மேடம். முதுகு வலி போயிடுச்சு." கொஞ்ச நேரம் வேனின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இத ஒரு பத்து வருஷம் முன்னாடி பண்ணியிருக்கக் கூடாதா?"

"அப்ப யாரும் கேக்கலைண்ணே."

"நான் கேட்டேன் மேடம். பொண்ணு மூணாவது படிக்கிறப்ப, ஊருக்குள்ள ஓட்டுற மாதிரி வண்டி குடுங்கன்னு மனு எழுதிக் குடுத்தேன். அப்படி வண்டியே இல்லன்னுட்டாங்க."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். புத்தகத்தில் முதுகு வலி மட்டும் அச்சானது. ஆனால் அன்று கிளம்பும்போது, "நான் ஏதாவது பண்ண முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

"வெளியாள வண்டியில ஏத்தக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். ஒரே ஒரு நாள் என் பொண்ண முன் சீட்டுல உக்கார வைக்கணும்."

அனுமதி எழுத்தில் வந்தது. மகள் இரண்டு நாள் லீவில் வந்தாள். அன்று முப்பத்தோரு கடை. பில் புத்தகம் அவள் மடியில் இருந்தது.

"யாருண்ணே இது?" என்றார் ஒரு கடைக்காரர்.

"என் மொதலாளி."

அவள் சிரித்தாள். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"அப்பா, நீங்க மெதுவா பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"நோட்டெல்லாம் படிச்சேன்மா" என்றார் அவர். "தவளை படம் நல்லா போட்டிருக்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசிக் கடையில் பெட்டிகளை அவளே இறக்கினாள்.

மாலையில் ரயில் நிலையம்.

"அடுத்த லீவு எப்பம்மா?"

"தெரியலப்பா. ஆஸ்பத்திரியில ஆள் பத்தல."

ரயில் போன பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. வேனைச் சார்ஜில் போட ஏழு மணி வரை நேரம் இருந்தது.