பத்துக்கு நாலு வாங்கிய கல்யாண ஃப்ளெக்ஸ்

மதுரைப் பக்கம் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒரு குழந்தைக்குக் காதுகூடக் குத்த முடியாது. அதில் இங்கிலீஷ் இல்லாவிட்டால் அது ஃப்ளெக்ஸே இல்லை. அந்த இங்கிலீஷைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பழங்காநத்தத்தில் என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள், 'ஹேப்பி'யில் ஒரு 'பி'யை விழுங்கியவர்கள், முற்றுப்புள்ளியை ஜென்மத்தில் பார்க்காதவர்கள், ஆச்சரியக்குறியைத் தோரணமாகக் கட்டியவர்கள் என்று எல்லோரையும் திட்டி முடித்துவிடுவேன். இங்கிலீஷ் டீச்சர் வேலை அப்படி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சையையே வாட்ஸ்அப் பாஷையில்தான் எழுதுகிறார்கள். நான் யாரிடம் போய் அழ?

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது கொட்டாம்பட்டியில். மாப்பிள்ளைக்கு விவசாயம், கூடவே டிராக்டர் வாடகைக்கு விடுகிற தொழில். நண்பர்கள் ஒரு படை. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பயலுக நமக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறாய்ங்க. டீச்சர் பொண்ணாச்சே, இங்கிலீஷ்லதான் போடணும்னு நிக்கிறாய்ங்க. டிசைன அனுப்புறேன், தப்பு இருந்தா பாத்துக் குடு. ஆனா ஒண்ணு, அவய்ங்க மனசு மட்டும் நோகக் கூடாது. எங்கப்பா தவறுனப்ப கூடவே நின்ன பயலுக."

"நானா நோகடிப்பேன்? நீங்க அனுப்புங்க."

வந்தது. நடுவில் நாங்கள், பின்னால் ஒரு சிங்கம், கீழே கூலிங்கிளாஸ் போட்ட நண்பர் வரிசை. வாசகம் எழுதியது பஞ்சர் கடை வைத்திருக்கிற அவருடைய உயிர்த் தோழர். அடேயப்பா! 'மேரேஜ்' கடைசியில் 'ஜே' போட்டு முடிந்திருந்தது. கல்யாணத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, நடக்குமா நடக்காதா என்று அவர்களுக்கே சந்தேகம் போல. என் பெயரில்கூட ஒரு எழுத்தைக் காணோம். கை சும்மா இருக்குமா? போனிலேயே சிவப்பு மையில் வட்டம் வட்டமாகச் சுழித்துத் தள்ளினேன். பழக்க தோஷம், மேலே பத்துக்கு நாலு என்று மார்க் போட்டு, 'கவனம் போதாது' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அவர் மட்டும் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் அனுப்பினேன்.

பந்தல் வேலை அவசரத்தில் அவர் அதைத் திறக்காமலே பஞ்சர் கடை நண்பருக்குத் தள்ளினார். அவரும் திறக்கவில்லை. "டீச்சர் பாத்து ஓகே பண்ணிட்டாங்கண்ணே" என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லி செல்லூர் ஃப்ளெக்ஸ் கடைக்குத் தள்ளினார். முகூர்த்த சீசனில் அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை. கடைசியாக வந்த படம் எதுவோ, அதை அடித்துவிடுவார்கள்.

கல்யாணத்தன்று காலை எங்கள் வேன் மண்டபத்தை நெருங்கியது. வாசலில் பனைமர உயரத்துக்கு என் சிவப்பு மை! வட்டம், அடித்தல், திருத்தம், கையெழுத்து, எல்லாம் அப்படியே. சிங்கத்தின் நெற்றியில் பத்துக்கு நாலு.

"ஆத்தி!" என்று கத்திவிட்டேன். என் தங்கை சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பூக்கூடை கவிழ்ந்தது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே பயமும். அம்புட்டு சனத்துக்கு முன்னால் அவருடைய நண்பர்களைத் தலைகுனிய வைத்துவிட்டேனே. அந்த மனுஷர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

மணவறையில் மெதுவாகக் கேட்டேன்.

"பேனரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். தோள் குலுங்கியது. சிரிப்பா கோபமா என்று தாலி கட்டும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் பஞ்சர் கடைக்காரர் மேடையேறினார், பின்னால் மொத்தப் படையும். முகத்தில் சிரிப்பே இல்லை. என் முன்னால் கைகட்டி நின்றார்.

"டீச்சர், பத்துக்கு நாலுன்னா நூத்துக்கு நாப்பதுதான?"

"ஆமாண்ணே. நான் சும்மா விளையாட்டுக்கு..."

"நாப்பதுன்னா பாஸுதான?"

"பாஸ்தாண்ணே."

அவர் திரும்பி, "மாப்ள, பாஸுடா!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். படை அப்படியே தூக்கிவிட்டது, மாப்பிள்ளையை இல்லை, அவரை. மேளக்காரர்கள் என்னவோ ஏதோ என்று இன்னொரு தரம் கெட்டிமேளம் கொட்டினார்கள். நான் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி காதுக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார். "பத்தாவதுல அவனுக்கு இங்கிலீஷ் மட்டும் போச்சு. எழுதி எழுதிப் பாத்து விட்டுட்டான். நேத்து பேனர் கட்டும்போதே இதப் பாத்துட்டானாம். கழட்டவான்னு கேட்டதுக்கு, மார்க்கப் பாருங்கடான்னு சொல்லித் தொடவே விடலையாம்."

கீழே முன்வரிசையில் பஞ்சர் கடைக்காரருடைய அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் மகன் இங்கிலீஷ்ல பாஸாயிட்டான்."