எங்கள் வீட்டைத் தாண்டிய மேளம்

எங்கள் தெருவில் கல்யாண ஊர்வலம் வந்தால், என் வீட்டுக்கு இரண்டு வீடு முன்பே மேளத்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வீடு தாண்டிய பிறகுதான் மறுபடி அடிப்பார்கள். சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போது அப்படி நிறுத்துவது ஊர் வழக்கம். காரியம் முடிந்து சில மாதம் போனால் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. என் வீட்டுக்கு மட்டும் ஒன்றரை வருடமாக நிறுத்துகிறார்கள். அது மரியாதை இல்லை, பயம். நான் வாய்க்காரி.

என் மகள் ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்தவளை மினி லாரி அடித்துவிட்டது. அவள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஒரு சாயங்காலம் பேண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவர்கள் வெளியூர்க்காரர்கள், எங்கள் வீட்டு விஷயம் தெரியாது. நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"புள்ளையப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கறேன், எம்பட ஊட்டு முன்னால மோளம் கேக்குதா உங்களுக்கு? நல்லா இருப்பீங்களா?"

கத்தியதோடு விட்டேனா? பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்ட் மணலை இரண்டு கையாலும் அள்ளி மாப்பிள்ளை மேல் தூற்றினேன். மாலையும் கழுத்துமாக அந்தப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்? இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றிலிருந்துதான் என் வாசலில் மேளம் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் மகளின் சிநேகிதி வந்தாள். அடுத்த தெருப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒன்றாகவே திரிந்தவர்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையை என் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு, கைப்பேசியை நீட்டினாள்.

"பெரிம்மா, பொண்ணழைப்புக்கு மோளம் நீங்கதான் சொல்லோணும்."

"நானெதுக்குக் கண்ணு?"

"ஆருக்கு மொதல்ல கல்யாணம் ஆனாலும் இன்னொருத்திதான் மோளம் புடிக்கறதுன்னு நாங்க பேசி வெச்சிருந்தோம். அவளுக்குப் பதுலு நீங்க சொல்லுங்க."

மூன்று வீடியோ காட்டினாள். முதலில் நாதஸ்வரம், அவள் அப்பாவுக்கு அதுதான் வேண்டுமாம். எனக்கும் அதுதான் பிடிக்கும். அடுத்தது பேண்டு வாத்தியம். அதைப் பாதியிலேயே தள்ளிவிட்டாள், பாவம். மூன்றாவது செண்டை மேளம். இருபது பேர் வரிசையாக நின்று அடிக்கிற, இப்போது எல்லாக் கல்யாணத்திலும் வருகிற, காது கிழிகிற சத்தம்.

என் மகளுக்கு அதன் மேல் பைத்தியம். சேலத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டு வந்து, சமையலறையில் பாத்திரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "அந்த எழவுச் சத்தம் எம்பட ஊட்டுக் கல்யாணத்துல கேக்கக் கூடாது" என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எழவு என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்!

"இதான்" என்று மூன்றாவதைத் தொட்டேன். "எங்க ஊட்டு முன்னால வாரப்ப நிறுத்தக் கூடாது சாமி. நின்னு, நல்லா அடிக்கச் சொல்லு."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

நானே போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் அன்றைக்கு மண் விழுந்த மாப்பிள்ளை, வெளியூரில் கட்டிக்கொடுத்த அவருடைய அக்காவின் மகன். அவர் அன்று மண்டபத்தில் இருந்ததால் ஊர்வலத்தைத் தடுக்க ஆளில்லை. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படியும் அந்தப் பெண் சொல்லிவிடுவாள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினேன்.

பெண்ணழைப்பன்று சாயங்காலமே குளித்தேன். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினேன். வாசல் விளக்கைப் போட்டு இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். இத்தனை நாள் மேளச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தி வைத்தே பழகிய என் வீட்டுக்காரர், "உள்ளாற வந்துரு, எதுக்கு அவங்களுக்குச் சங்கடம்?" என்றார். நான் அசையவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மணப்பெண்ணுக்கு எதிரே போய் நிற்கக் கூடாது என்று நிலைக்கு உள்பக்கமே நின்றேன்.

மாரியம்மன் கோயில் பக்கம் மேளம் எழுந்தது. தெரு திரும்பியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. என் நெஞ்சுக்குள்ளேயே அடிப்பதுபோல் இருந்தது. வரட்டும், வரட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டு வீடு முன்பே நின்றுவிட்டது.

அடிக்கிறவர்கள் குச்சியை அக்குளில் செருகி, தோல் தவறிக்கூட ஒலிக்காதபடி உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நடந்தார்கள். செருப்புச் சத்தமும் ஜெனரேட்டர் வண்டியின் இரைச்சலும்தான் கேட்டன. பூ அலங்காரம் செய்த காரில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மெல்லத் தலையாட்டினாள். அப்பாவிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று அதற்குப் பொருள். முன்னால் வந்த அவள் அப்பா, விரியத் திறந்த கதவையும் அதற்குள் நிற்கும் என்னையும் பார்த்து வெலவெலத்துப் போனார். இரண்டு கையையும் கூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. மோளத்த நிறுத்திப்போட்டோமுங்க. இதா, இப்பத் தாண்டிருவோம்."

அடிங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு நிறுத்தச் சொல்ல அத்தனை சொல் வந்தது எனக்கு. இன்று அந்த ஒரு சொல் வரவில்லை. வாயைத் திறந்தேன். நான் திட்டத்தான் போகிறேன் என்று நினைத்து, அவர் காரைச் சீக்கிரம் போகச் சொல்லிக் கையை வீசினார்.

ரேஷன் கடைப் பக்கம் போனதும் மேளம் மறுபடி எழுந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் அது நன்றாகத்தான் இருந்தது. என் மகள் ஆசைப்பட்ட மேளத்தை அன்றைக்குத் தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் அடித்தார்கள், அவள் வீட்டு வாசலில் தவிர.