கூடுதல் கட்டணம் கேட்டவள்

என் மனைவி பூட்டுத் திறப்பவள். சாவியைத் தொலைத்தவர்கள், குப்பை கொட்ட வந்த நேரத்தில் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வெளியே மாட்டிக்கொண்டவர்கள், எல்லாருக்கும் அவள் ‘பூட்டக்கா’. அவளுக்கு வரும் போனை எடுப்பவன் நான். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். நாலாவது மாடியில் உட்கார்ந்து விலாசம் கேட்டு அவளுக்கு அனுப்புகிறேன். வாய் மட்டும் இன்னும் லாரியை விட்டு இறங்கவில்லை. யாரையாவது திட்டாமல் எனக்குக் காலைப்பொழுது கழியாது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவள், மூன்றாவது மாடியில் கதவிடுக்கில் புகை வருவதைப் பார்த்திருக்கிறாள். அது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு, தனி ஆள். தட்டினாள், பதில் இல்லை. முதலில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள், அப்புறம் பூட்டில் கை வைத்தாள். நாற்பது வினாடியில் திறந்துவிட்டதாக இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வாள். உள்ளே முட்டை வேகவைத்த பாத்திரம் தண்ணீர் வற்றிக் கரியாகியிருந்தது, பக்கத்தில் கிடந்த கைப்பிடித் துணியும் கருக ஆரம்பித்திருந்தது. அடுப்பை அணைத்து, மயங்கிக் கிடந்தவரைப் போர்வையோடு இழுத்து வெளியே போட்டாள். தீயணைப்பு வண்டி வந்தபோது எழுந்து உட்கார்ந்து இருமும் வாத்தியாரும் ஒரு கருத்த பாத்திரமும்தான் மிச்சம். வந்தவர்கள் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் தீயணைப்பு அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. ‘தேவையற்ற அழைப்பு. அழைத்தவர் கட்டணம் செலுத்த வேண்டும்.’ அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று: இனி இந்தக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தால், திரும்ப அழைத்து உறுதி செய்த பிறகே வண்டி புறப்படும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உசிரைக் காப்பாற்றினவள் தலையிலேயே பில்லைக் கட்டுகிறார்கள். இருந்தாலும், "கட்டித் தொலை, அவங்களோட யாரு மல்லுக்கட்டறது?" என்றேன்.

"காசு கிடக்கட்டும். அடியில இருக்கறதைப் படிச்சீங்களா? தீன்னா லிப்டை நிறுத்திடுவாங்க. நான் எங்கயோ வேலையில இருப்பேன். நீங்க கூப்பிட்டா, அவங்க விசாரிச்சுக்கிட்டு இருப்பாங்க."

"எரிஞ்சா எரியட்டும் போ. அங்க போயி என் காலைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பரிதாபம் காட்டி வாங்கற எதுவும் எனக்கு வேண்டாம்."

"பேசலை," என்றாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், தெரியும். ஆனாலும் கண்காணிக்க நானும் கூடவே போனேன்.

கட்டணத் தகராறுகளுக்கென்றே தீயணைப்பு அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஓர் அறை. தானாக அலறிய அலாரத்துக்கு பில் வாங்கின கடைக்காரர் எங்களுக்கு முன்னால் கெஞ்சிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த அதிகாரி, நல்ல மனுஷன், அவருக்குப் பாதியாகக் குறைத்து அனுப்பினார்.

எங்கள் காகிதத்தைப் பார்த்தார். "தீயே இல்லையேம்மா. எங்க ஆளுங்க குழாயைக்கூடப் பிரிக்கலை."

"நான் பூட்டைத் திறக்காம வேடிக்கை பார்த்திருந்தா இது தேவையான அழைப்பு ஆயிருக்கும், இல்லையா சார்?"

கண்ணாடி இறங்கி மூக்குக்கு வந்தது. காகிதத்தை மறுபடி படித்தார். "முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி பண்ணிடறேன். போயிட்டு வாங்க."

நான் சக்கரத்தில் கை வைத்துவிட்டேன். அவள் அசையவில்லை. "அந்த ‘தேவையற்ற’ங்கறதும் போயிடுமா?"

"அது பதிவும்மா, அப்படியேதான் இருக்கும். அது போகணும்னா தீ அழைப்புன்னு மாத்தணும். அதுக்குக் கட்டணம் மூணு மடங்கு, அதுவும் அந்த வீட்டுக்காரர் தலையில விழும்."

"அவர் பாவம், பென்ஷன்காரர். என் பேர்ல போடுங்க. மூணு மடங்கே போடுங்க."

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "கூட்டிப் போடச் சொல்லி இங்க யாரும் வந்ததில்லை. உங்க பேர்ல மாத்தறதுன்னா காரணம் எழுதணும். என்ன காரணம்?"

அவள் வாயைத் திறக்கவில்லை. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் பிடித்த பிடியை விடாதவள், என் வீம்புக்குக் கொடுத்த வாக்குக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வரத் தயாராக இருந்தாள். முதலில் அவள்மேல் கோபம் வந்தது. அப்புறம் என்மேலேயே வந்தது. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

"எழுதிக்கங்க சார்," என்றேன். நெடுஞ்சாலையில் கத்திப் பழகிய குரல், அங்கே தணிந்துதான் வந்தது. "நாலாவது மாடியில நான் இருக்கேன். லிப்ட் நின்னா என்னால இறங்க முடியாது. கூப்பிட்ட உடனே வண்டி வரணும். எனக்கு எரிஞ்சு சாக இஷ்டமில்லை."

அவர் எழுதினார். முத்திரை குத்தினார். ஆறு தவணையில் கட்டலாம் என்றார்.

வெளியே வந்ததும் அவள் நின்று காகிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"நீங்க கடைசியா சொன்னதை மட்டும் அவர் எழுதலை," என்றாள்.

"திரும்பப் போய் எழுதச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு."