பெயர் மாறிப் போன மின்னஞ்சல்

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் அமைதியாக ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். எரிச்சலோடுதான் ஜெபித்தேன்.

மலேசியாவின் கூலிம் நகரில் எங்கள் சபை நடத்தும் இரத்ததானக் குழுவுக்கு நான் செயலாளர். இரத்தம் கொடுப்பவர்கள் பலர் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொட முடியாது. அதனால் அழைக்காமல், ஓய்வு நேரத்தில் படிக்கும்படி மின்னஞ்சலில்தான் செய்தி அனுப்புவோம். சென்ற ஆண்டு, தீபாவளி நெருங்கும் சமயத்தில், பழைய மின்னஞ்சல் சேவையை விட்டுப் புதியதற்கு மாறுவது என்று முடிவானது. வேலை என் தலையில் விழுந்தது.

அதே வாரம் என் தங்கை புனிதாவை மருத்துவமனையில் சேர்த்தோம். கர்ப்பப்பையில் கட்டி. உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். இரத்தம் கைவசம் இருந்தால்தான் அறுவைச் சிகிச்சை என்றார் டாக்டர். கொடுப்பவர்களைத் தேடச் சொன்னார்கள்.

"அக்கா, உன் குரூப்புக்கு ஒரு மெயில் போடேன்," என்றாள் புனிதா. முகம் வெளுத்துப் போயிருந்தது.

போட முடியவில்லை. பழைய கணக்கை மூடியாகிவிட்டது. முகவரிப் பட்டியல் முழுவதும் புதியதற்குள்தான் இருந்தது. புதியதோ, கணக்கைச் சரிபார்க்கிறோம், காத்திருங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. உதவி கேட்டு எழுதினால் இயந்திரம் பதில் சொன்னது. எனக்குத் தெரிந்த ஓ நெகட்டிவ்காரர்களில் ஒருவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். இன்னொருவர் அண்மையில்தான் கொடுத்திருந்தார்; உடனே மறுபடி கொடுக்க முடியாது.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, ஒரு மெயிலைக்கூடப் போக விடமாட்டீரா?" வேறு ஜெபம் வரவில்லை.

மறுநாள் காலை கணக்கு திறந்தது. அவசரமாக அனுப்பினேன். சற்று நேரத்திலேயே, மெயிலில் கொடுத்திருந்த என் போன் எண்ணுக்கு வசவுகள் குவிந்தன. பட்டியலில் பெயர்கள் ஒரு வரி நகர்ந்து, ஒருவருக்குப் போன மெயிலில் இன்னொருவர் பெயர் இருந்தது. அதைவிட மோசம், மெயிலே வேண்டாம் என்று எப்போதோ விலகியவர்களுக்கும் போயிருந்தது. மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டது. போனை அணைத்துவிடலாம் என்று எடுத்தேன். மறுபடியும் மணி அடித்தது.

"தஞ்சோங் டாவாயிலேருந்து முருகையா பேசறேன். மெயில் அனுப்பாதீங்கன்னு எப்பவோ சொல்லிட்டேன் லா. இப்ப 'அன்புள்ள ஜெசிந்தா'ன்னு வருது. யாரும்மா ஜெசிந்தா?"

"மன்னிச்சிருங்க அண்ணே. சிஸ்டம் மாத்தினோம், எல்லாம் கலந்துபோச்சு. என் தங்கச்சிக்குத்தான் ரத்தம் வேணும்..." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் குரல் தணிந்தது.

"அழாதம்மா. எனக்கு ஓ நெகட்டிவ்தான். எந்த ஆஸ்பத்திரி?"

கடலோர ஊரான தஞ்சோங் டாவாயில் மீன் வியாபாரி அவர். நான் குழுவுக்கு வருமுன்பே விலகியவர். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு, அன்று மதியமே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். பின்னால் அவருடைய தங்கை. அந்தத் தங்கைக்கும் அதே வகை இரத்தம்.

அந்த வாரமே அறுவைச் சிகிச்சை நடந்தது. புனிதா இப்போது வேலைக்குப் போகிறாள்.

அன்று இரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது முருகையா அண்ணன், "ரத்தம் வேணும்னா போன் போடுங்க. மெயில்லேருந்து மட்டும் என் பேர எடுத்திருங்க லா," என்றார். உடனே எடுத்துவிட்டேன்.

அந்தப் புதிய சேவை இன்றைக்கும் என் பொறுமையைச் சோதிக்கிறது. ஆனால் எந்த வழியில் உதவ வேண்டும் என்று ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். குறை சொல்ல அழைப்பவர்களிடமும் நிதானமாகப் பேசுகிறேன். அருமையானவர்களே, அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். எரிச்சலோடாவது கேளுங்கள். என் புலம்பலையே ஜெபமாக எடுத்துக்கொண்டவர் உங்களுடையதையும் கேட்பார்.