கப்பல் செதுக்கிய கல்லறை

என் அப்பா சலவைக்கல் மாளிகைக்குள் படுத்திருக்கிறார் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்திருக்கிறேன். அதற்குக் காரணம் மாமா.

அப்பா குருசுக்குப்பத்தில் படகுக்காரர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தின் பின்வரிசையில் ஒரு மண்மேடும் மரச்சிலுவையும்தான் அவருக்கு. அந்த வரிசையில் இட நெருக்கடி. சில வருடம் போனால் அதே குழியில் இன்னொருவரை வைத்துவிடுவார்கள். எனக்கு ஆறு வயதான வருடம், கல்லறைத் திருநாளன்று பூக்கூடையோடு போனால், அப்பாவின் இடத்தில் யாரோ ஒரு கிழவியின் பெயர். "அப்பா எங்கம்மா?" என்று நான் கூச்சல் போட்டேன்.

மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எந்த முட்டுச்சந்திலும் வண்டியைத் திருப்பிவிடுவார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். அங்கே பிரெஞ்சுக்காரன் காலத்து வியாபாரிக் குடும்பம் ஒன்றின் கல்லறை. நாலு தூண், உச்சியில் இறக்கை விரித்த தேவதூதன், எங்கள் பேச்சில் சம்மனசு; முகப்பில் பாய் விரித்த கப்பல். கீழே முழுக்கப் பிரெஞ்சு எழுத்து.

"அட பாப்பா, உங்கப்பாவ இங்க மாத்திட்டாங்க. பாரு, போட்கூட செதுக்கியிருக்காங்க. இதோ பேரு" என்று மேல்வரியில் விரலை வைத்தார். மாமாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் கப்பல் இருந்ததே! நான் நம்பிவிட்டேன்.

கேட்பாரில்லாத கல்லறை. நாங்களே தேய்த்துக் கழுவிச் சாமந்தி வைத்தோம். எனக்கு எட்டு வயதான வருடம், கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு மதாம் ரோஜா வளையத்தோடு நேரே எங்களை நோக்கி வந்தார். நிறம் எங்கள் நிறம்தான், பேச்சும் தமிழ்தான்.

"யாரும்மா நீங்க? இது எங்க குடும்பத்துக் கல்லறையாச்சே."

அம்மாவின் கையில் தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது. அவள் உதறவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிற மாமா சம்மனசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெளம்பிடலாம்" என்றார் மெல்ல.

நான் கல்லறையைச் சுற்றியிருந்த இரும்புக் கிராதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இது எங்கப்பாவுது. நீங்க வேற எடம் பாருங்க!"

"பாப்பா, சும்மா இருடி." அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போட் இருக்குல்ல! பேரும் இருக்கு. மாமா படிச்சாரு!"

மதாம் மாமாவைப் பார்த்தார். பிறகு தூரத்தில் பின்வரிசையில் நெருக்கியடித்து நின்ற மரச்சிலுவைகளைப் பார்த்தார். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கல்லின் பக்கம் குனிந்தார்.

"உங்கப்பா பேரு என்ன?"

சொன்னேன்.

அவர் விரல் மேல்வரியிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தார். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். விரல் கடைசி வரியில் வந்து நின்றது. அப்பாவின் பெயரை நிறுத்தி, அழகாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். ரோஜா வளையத்தை எங்கள் சாமந்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு. நானும் முழங்கால் போடணும்."

திரும்பும்போது ஆட்டோவில் மாமாவை நான் விடவில்லை. "நீ தப்பா காட்டிட்ட மாமா. அப்பா பேரு மேல இல்ல, கீழ இருக்குது. அந்த மதாமுக்குத்தான் படிக்கத் தெரியுது."

"ஆமா பாப்பா. எனக்கு எங்க தெரியும்?" என்றார்.

அப்பாவின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று ஒருவழியாகச் சரியாகத் தெரிந்துவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம். இதற்குப் போய் அம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.